ஈஸ்டர் பாட்டுக்கு எந்த மெட்டு?

ஆர்.கே.புரம், புது தில்லி
6 மார்ச் 1995

திருமதி சாந்தகுமாரி அருமைநாயகம் அவர்களுக்கு,
செயலாளர், கரோல் பாக் வீட்டு ஜெபக்குழு.

பொருள்: ஈஸ்டர் அதிகாலை ஆராதனைப் பாட்டு சம்பந்தமாக.

போன செப்டம்பரில் சூரத்தில் பிளேக் பரவி, தில்லியிலும் பள்ளிக்கூடமும் சினிமாக் கொட்டகையும் மூடி, கூட்டம் கூட வேண்டாம் என்று சொன்னபோது, நம் தமிழ்ச் சபையும் கோவிலில் கூடுவதை நிறுத்தியது. ஆர்.கே.புரத்தில் ஒரு குழு, கரோல் பாகில் ஒரு குழு என்று வீடுகளில் ஜெபம் நடத்தத் தொடங்கினோம். இது தாங்கள் அறிந்ததே. பிளேக் பயம் போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. நாம் இன்னும் ஒன்றாகக் கூடவில்லை. கிறிஸ்துமஸும் தனித்தனியாகவே கழிந்தது.

இப்போது போதகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏப்ரல் 16 ஈஸ்டர் அதிகாலையில் இரண்டு குழுவும் கோவிலில் சேர்ந்து ஆராதிக்க வேண்டும். கட்டடம் நமக்கு இரவல்தான். இந்த ஈஸ்டருக்கும் நாம் கூடாவிட்டால் நம் ஆராதனை நேரத்தை வேறு சபைக்குக் கொடுத்துவிடுவதாகக் கட்டடக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாட்டு விஷயத்தை மட்டும் நீங்களும் நானும் பேசி முடிவு செய்ய வேண்டுமாம்.

ஆராதனை தொடங்கும் ஈஸ்டர் பாட்டை வழக்கம்போல் நாகர்கோவில் மெட்டில் பாடலாம் என்பது எங்கள் குழுவின் கருத்து. கரோல் பாகில் அதை வேறு ஏதோ மெட்டில் பாடிப் பழகுவதாகக் கேள்விப்பட்டோம். திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தே. ஞானாபரணம்
செயலாளர், ஆர்.கே.புரம் குழு

*

கரோல் பாக்
10 மார்ச் 1995

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையைப் பிரித்ததும் முதலில் கோப்பு எண் எங்கே என்றுதான் தேடினேன். நானும் தணிக்கை ஆபீசில் கோப்புகளோடு குடும்பம் நடத்துகிறவள்தான், அதனால் பயப்படவில்லை. ஆனால் ஈஸ்டருக்கு ஒரு 'பொருள்' போட்டு எழுதிய மனுஷரை இப்போதுதான் பார்க்கிறேன்.

நீங்கள் 'வழக்கம்போல்' என்று எழுதியிருந்ததைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கோபப்பட்டார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால் அந்தக் கோவிலில் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நாங்கள் பாடியது எங்கள் திருநெல்வேலி மெட்டுதான். நான் கல்யாணமாகி தில்லிக்கு வந்த வருஷத்திலிருந்து பாடுகிறேன். நாகர்கோவில் மெட்டு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர், "அது என்னதுட்டி, நேந்திரங்கா சிப்ஸ் மாதிரி அவிய ஊர்ல மட்டும் கிடைக்குமா?" என்று கேட்டார்.

ஆனால் ஐயா, நீங்கள் பொய் எழுதுகிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் பொய் சொல்லவில்லை. ஒரே கோவில், ஒரே நேரம், ஒரே பாட்டு. நீங்கள் பாடியது உங்கள் மெட்டு, நாங்கள் பாடியது எங்கள் மெட்டு என்றால், இத்தனை வருஷம் அந்தக் கோவிலுக்குள் கேட்டது எது? கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இதை யோசித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு நாளாகச் சோறு வடிக்கும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் இதே நினைப்பாக இருக்கிறது.

ரோஸ்பாய் அக்கா இருந்தால் ஒரே வார்த்தையில் தீர்த்து வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
சாந்தகுமாரி

*

ஆர்.கே.புரம்
15 மார்ச் 1995

திருமதி சாந்தகுமாரி அவர்களுக்கு,

என் மனைவியின் பெயரைத் தாங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். அக்டோபரில் அவள் மாரடைப்பில் போனாள். பிளேக் இல்லை, மாரடைப்பு. ஆனாலும் அடக்கத்துக்கு வரப் பயந்தார்கள். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு எங்கள் காலனிக்காரர்கள் நாலைந்து பேர் குழிமேட்டில் நின்றார்கள். கரோல் பாகிலிருந்து ஒரு முகம் இல்லை. மற்றவர்களை விடுங்கள். உங்களுக்குப் பிரசவமானபோது, ஊரிலிருந்து உங்கள் அம்மா வந்து சேரும் வரை வந்து சமைத்துப் போட்டவள் அவள். நீங்கள் ஒரு கார்டுகூட எழுதவில்லை. இந்த ஐந்து மாதமும் அது என் மனத்தில் கிடக்கிறது. கேட்க வேண்டும் என்று இருந்தேன், கேட்டுவிட்டேன்.

நிற்க.

தாங்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது என்பதை மறுக்க முடியவில்லை. எங்கள் குழுவில் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். எல்லாரும் நாகர்கோவில் மெட்டு என்றே சத்தியம் செய்கிறார்கள். வேறு மெட்டு காதில் விழுந்ததா என்று கேட்டால் விழித்துப் பார்க்கிறார்கள். ஆர்மோனியம் வாசித்த எட்வின் இப்போது ஜபல்பூருக்கு மாற்றலாகிவிட்டார். அவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். கோப்பு மூடப்படவில்லை.

ஒரு விளக்கம் தேவை. தங்கள் மெட்டில் பல்லவியின் இரண்டாம் அடி மேலே ஏறுமா, கீழே இறங்குமா? வேறு நோக்கம் எதுவுமில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

தே. ஞானாபரணம்

*

கரோல் பாக்
19 மார்ச் 1995

ஐயா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. ஜலஜா என்று பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடையில் கணக்கு வேலை. செப்டம்பரில் கொள்முதலுக்காக அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? சூரத்துக்கு. அங்கே கலவரப்பட்டு ஜனங்கள் ஓடிய ரயிலில் அவரும் ஏறி வந்து சேர்ந்தார். வந்த மறுநாள் காய்ச்சல். மாடிப்படியெல்லாம் மருந்து அடித்துவிட்டு, ரத்தச் சோதனை முடிவு வரும் வரை வீட்டில் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்றார்கள். வீட்டுக்காரம்மா குழாய்த் தண்ணீரைப் பிடிக்க விடவில்லை. கீழே காய்கறி விற்கிற பையா கூடையைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவார். என் மகள் ஜன்னலில் நின்றால் எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். கடைசியில் அது மலேரியா. ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

அக்கா போன செய்தி, அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது. அப்போதும் நான் வாசலைத் தாண்ட முடியாது. கார்டு எழுதினாலும் சூரத்துக்காரன் வீட்டுக் கார்டை யார் வாங்குவார்கள் என்று எழுதவில்லை. அடுக்களையில் உட்கார்ந்து தனியாக அழுதேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கரோல் பாகிலிருந்து யாரும் வரவில்லை என்கிறீர்கள். ஏன் வரவில்லை என்று ஆர்.கே.புரத்திலிருந்து யாராவது கேட்டீர்களா? எங்கள் குழுவில் மற்ற வீட்டுக்காரர்கள் எங்களால்தான் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். இருக்கிறோமா செத்தோமா என்று ஒரு ஆள் விசாரிக்கவில்லை. எனக்கும் மனத்தில் கிடக்கிறது ஐயா. கிடக்கட்டும் என்று விட்டிருந்தேன், நீங்கள் கிளறிவிட்டீர்கள்.

இரண்டாம் அடி ஏறும். நன்றாக ஏறி, உச்சியில் ஒரு மூச்சு நின்று, மூன்றாம் அடியில் மெதுவாக இறங்கும். எதற்குக் கேட்கிறீர்கள்?

சாந்தகுமாரி

*

ஆர்.கே.புரம்
25 மார்ச் 1995

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

அருமைநாயகத்துக்குக் காய்ச்சல் என்பதே எனக்குத் தெரியாது. போதகர் அந்தச் சமயம் ஊரில் இல்லை, அடக்கத்தையே கட்டடக்காரர்களின் போதகர்தான் நடத்தினார். அதனால் இரண்டு பக்கத்துச் செய்தியும் யாருக்கும் போகவில்லை. இந்த ஐந்து மாதமும் நான் யார்மேல் கோபமாக இருந்தேன் என்று யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அருமைநாயகம் இப்போது எப்படி இருக்கிறார்? மகள் பள்ளிக்கூடம் போகிறாளா?

நான் ஏன் மெட்டை விடமாட்டேன் என்று நிற்கிறேன் என்று தாங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. லெந்து நோன்புக் காலம் தொடங்கியதும் ரோஸ்பாய் அந்தப் பாட்டைத் தொடங்கிவிடுவாள். "இன்னும் நாற்பது நாள் கெடக்குல்லா, இப்பமே பாடணுமா?" என்று நான் கேட்பேன். "ஒங்களுக்குத் தொண்டை சரியாக நாற்பது நாள் வேணும்" என்பாள். இந்த லெந்தில் வீடு சும்மா கிடக்கிறது. ஜெபக்குழுவில் அந்த மெட்டை எடுக்கும்போது மட்டும் அவள் பக்கத்தில் நிற்பது போல் இருக்கிறது. அதையும் விட்டுக்கொடு என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம்.

எட்வினிடமிருந்து பதில் வந்தது. 'ஐயா, நான் சுருதியை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் எல்லாரும் சேர்ந்து போடுகிற சத்தத்தில் எந்த மெட்டென்று எனக்கு எப்படித் தெரியும்?' என்று எழுதியிருக்கிறார். நமக்கு வாய்த்த ஆர்மோனியக்காரர் இப்படி.

தங்கள் மெட்டில் மூன்றாம் அடி இறங்கும் என்றீர்கள். இறங்கி எங்கே போய் நிற்கும்? பல்லவி தொடங்கிய இடத்துக்கே வருமா, அதற்கும் கீழேயா? சரணத்துக்கும் இதே போக்குதானா? சும்மா ஒரு ஆவல்தான்.

ஞானாபரணம்

*

கரோல் பாக்
30 மார்ச் 1995

அன்புள்ள அண்ணாச்சி,

பழையபடி அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். 'ஐயா' என்று எழுதும்போதெல்லாம் விடுப்பு விண்ணப்பம் எழுதுகிறது போலவே இருந்தது.

இவர் நன்றாக இருக்கிறார். மலேரியா வந்த பிறகு பசி இரண்டு மடங்காகிவிட்டது. மகள் பள்ளிக்கூடம் போகிறாள், தமிழ் மட்டும் போகவில்லை. பாட்டின் வார்த்தைகளை அவளுக்கு இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 'உயிர்த்தெழுந்தார்' என்பதை அவள் சொல்லிக் கேட்க வேண்டும், ஆண்டவரே மறுபடி படுத்துக்கொள்வார்.

அக்காவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். அந்த இடத்தைக் குழுவில் வாசிக்கவில்லை. எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: மூன்றாம் அடி, தொடங்கிய இடத்துக்கும் கொஞ்சம் கீழே போய் நிற்கும். சரணமும் அதே நடைதான், வார்த்தை நெருக்கமாக இருப்பதால் கொஞ்சம் ஓடும். ஒரு பாட்டை இத்தனை குறுக்கு விசாரணை செய்கிற செக்‌ஷன் ஆபீசர் நீங்கள் ஒருவர்தான்.

இப்போது என் விசாரணை. பக்கத்து மேஜை ஜலஜாவைப் பற்றி எழுதினேனே, அவள் வெள்ளி தவறாமல் மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போகிறவள். உங்கள் காலனிதான் என்று தெரியும், உங்களுக்கு எதிர்ப் பிளாக் என்பது முந்தாநாள்தான் தெரிந்தது. அவள் அடுக்களை ஜன்னல் உங்கள் அடுக்களை ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறதாம். மத்தியானம் சாப்பிடும்போது மெட்டுத் தகராறைச் சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, "ரோஸ்பாய் மாமி பாத்திரம் தேய்ச்சுண்டே பாடுவாளே, அதுதானே? வார்த்தை பாதி தெரியாது. ராகம் நேக்கு நன்னா தெரியும்" என்று ஆரம்பித்துவிட்டாள். செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது.

அண்ணாச்சி, அந்த மெட்டை நான் கேட்டதே இல்லை என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். ஜலஜா பாடும்போது, அடுத்து எங்கே திரும்பும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. கேட்டிராத பாட்டு எப்படித் தெரியும்? இரண்டு சப்பாத்தியை அப்படியே வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

குருத்தோலை ஞாயிறுக்குள் முடிவு சொல்லும்படி போதகர் கேட்கிறார். ஒன்று செய்வோம். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். எங்கள் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்குச் சண்டை வராது, அதற்கு நான் ஜவாப்தாரி. நீங்கள் நிம்மதியாக வாருங்கள்.

அன்புடன்,
சாந்தா

*

(தபால் கார்டு)

ஆர்.கே.புரம்
5 ஏப்ரல் 1995

அன்புள்ள தங்கச்சிக்கு,

தங்கள் யோசனைதான் எனக்கும். எங்கள் பக்கத்தை நான் ஒழுங்கு செய்துவிட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள், ஒருவர் வரவே மாட்டேன் என்று சொல்லி, பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கரோல் பாக் பக்கம் எந்த வருத்தமும் இருக்காது, தாங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். நான் நிறைய யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். இருட்டில் பஸ் கிடைக்காது என்பதால் ஒரு வேன் பேசியிருக்கிறோம். கடைசி அடியைத் தாங்கள் இரண்டு தடவை பாடுவீர்களா, மூன்று தடவையா? சும்மா ஆவல்தான். பதில் உடனே போடவும்.

ஞானாபரணம்

*

கரோல் பாக்
17 ஏப்ரல் 1995

அன்புள்ள அண்ணாச்சி,

ஆராதனை முடிந்ததும் எங்கே போனீர்கள்? கூடத்தில் பன்னும் டீயும் வைத்துக்கொண்டு உங்களைத் தேடினேன். வேனில் போய் உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்திவிட்டீர்கள் என்று உங்கள் காலனிப் பெண் ஒருத்தி சொன்னாள். வந்து கதவைத் தட்டலாமா என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனத்தைத் தெரிந்த பிறகு எங்கள் மெட்டைப் பாடுகிறதில் எனக்கு ருசியில்லை. ஈஸ்டருக்கு அக்காவின் மெட்டைப் பாடி உங்களை அசத்திவிடலாம் என்று குழுவில் சொன்னேன். இவர் முதலில், "நமக்கு ஏன் இந்தச் சோலி?" என்றார். அப்புறம் அவரே, "நாம படுத்துக் கெடந்த நேரம் அந்த மனுஷன் ஒத்தையில குழிமேட்டுல நின்னிருக்காரு. படிச்சிருவோம்" என்றார். ஏப்ரல் முதல் தேதி, சனிக்கிழமை, சேலை எடுக்கக் கரோல் பாக் வந்த ஜலஜாவைப் பிடித்து இழுத்துவந்து நடுவீட்டில் உட்கார வைத்தோம். ஈஸ்டர் பாட்டுக்கு முருக பக்தை வாத்தியார். அவளும், "அச்சா, எல்லாரும் வாயைத் திறந்து பாடுங்கோ" என்று எங்களை விரட்டோ விரட்டென்று விரட்டினாள். இரண்டே பயிற்சியில் எல்லாருக்கும் வந்துவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நேற்று விடியும் முன்பு நாங்கள் ஆட்டோக்காரரை "ஜல்தி பையா" என்று விரட்டிக்கொண்டு வந்து சேரும்போது உங்கள் வேன் அப்போதுதான் நின்றது. கோவிலுக்குள் விளக்குப் போடவில்லை. இரவெல்லாம் பூட்டிக் கிடந்த வாடை இருந்தது. எல்லாரும் பழைய வழக்கப்படி, உங்கள் ஆட்கள் இடப்பக்கம், நாங்கள் வலப்பக்கம் என்று போய் நின்றுகொண்டோம். எத்தனை மாதம் கழித்து இத்தனை பேரை ஒரே இடத்தில் பார்க்கிறேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாதி முகம் தெரியவில்லை, ஆனாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போதகர் 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என்றார். 'மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்' என்று நாம் சொன்ன சத்தத்தில் உத்தரத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

பாட்டு தொடங்கியது. நாங்கள் அக்காவின் மெட்டில் எடுத்தோம். உங்கள் பக்கத்திலிருந்து எங்கள் மெட்டு வருகிறது.

அதற்குத்தானா ஏறுமா இறங்குமா என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டீர்கள்? இவர் என் முழங்கையை இடித்து, "ஏட்டி, அவிய நம்மத படிக்காவ" என்றார். நிறுத்தவும் முடியாது, மாற்றவும் முடியாது. இரண்டு பக்கமும் விடாமல் பாடினோம். அண்ணாச்சி, உண்மையைச் சொல்கிறேன், எங்கள் மெட்டை அந்தப் பாடு படுத்தி நான் கேட்டதில்லை. மூன்றாம் அடியை ஒருவர் இறக்குகிறார், ஒருவர் ஏற்றுகிறார்.

ஆனால் சரணத்துக்கு வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. அது பழைய சத்தம். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு அந்தக் கோவிலில் கேட்கிற அதே சத்தம். நாம் என்றைக்கும் ஒரு மெட்டில் பாடவே இல்லை அண்ணாச்சி. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டையும் ஒரே நேரத்தில் பாடியிருக்கிறோம். அவரவர் பக்கத்தில் நிற்கிறவர் குரல் அவரவருக்குக் கேட்டிருக்கிறது. மற்றது காதில் விழுந்து உள்ளே போய்ப் படுத்திருக்கிறது, அதுதான் இரண்டே பயிற்சியில் பாடம் வந்திருக்கிறது. வீட்டுக் குழுவாகப் பிரிந்த பிறகுதான் பாதிச் சத்தம் குறைந்துபோய், நாம் பாடியது ஒரே மெட்டு என்று நினைத்துச் சண்டை போட்டிருக்கிறோம். நான் இங்கே தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

பிளேக் பயத்தில் நிறுத்திய வழக்கப்படி, மறுபடியும் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கினோம். சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில், இத்தனை நாள் தூரத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குக் கை கொடுக்க உங்கள் காலனிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அவருக்கு வெட்கம்.

எல்லாம் நல்லபடி நடந்தது. ஒன்று மட்டும் மனத்தை அரிக்கிறது. பாட்டில் இரண்டாம் அடி வந்ததும் நீங்கள் வாயை மூடிவிட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டீர்கள், கடைசி வரை பாடவில்லை. அதன் பிறகு வேனுக்குப் போய்விட்டீர்கள்.

அக்காவுக்கென்று உங்களிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். உங்களைக் கேட்காமல், அடுக்களை ஜன்னல் வழியாகத் திருடிக்கொண்டு வந்தது போல் நாங்கள் எடுத்துப் பாடிவிட்டோமா? உங்களைச் சந்தோஷப்படுத்த நினைத்து நோகடித்துவிட்டேனா? எப்படி இருந்தாலும் எழுதிவிடுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. பதில் வராமல் மட்டும் இருக்க வேண்டாம்.

அன்புடன்,
சாந்தா

*

ஆர்.கே.புரம்
20 ஏப்ரல் 1995

அன்புள்ள சாந்தா,

வேனில் போய் உட்கார்ந்தது அழுகிறதற்கு. டீயும் பன்னும் வைத்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தின் நடுவில் ஒரு செக்‌ஷன் ஆபீசர் அழக் கூடாதல்லவா? வேறு ஒன்றுமில்லை. உனக்குப் பயம் வேண்டாம்.

நாங்கள் உங்கள் மெட்டைப் பாடியதற்குப் பெரிய காரணம் இல்லை. உன் வீட்டு ஜன்னலைப் பார்த்து எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு உங்களிடம் போய், 'எங்கள் மெட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. குழுவிடமும் அதையே சொன்னேன். உன் கடிதங்களில் இருந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் வைத்துக்கொண்டு நாங்களாகவே மெட்டைக் கட்டினோம். எங்களுக்கும் சீக்கிரம் வந்துவிட்டது, சரியாக வரவில்லை, அவ்வளவுதான். ரோஸ்பாயின் மெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன், இனி அதைக் கேட்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் அன்று வேனில் ஏறினேன்.

பாட்டு தொடங்கி முதல் அடியை நானும் சத்தமாகப் பாடினேன். இரண்டாம் அடியில்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது காதில் விழுந்தது. முதலில் எனக்குப் பிரமை என்று நினைத்தேன். பிறகு அருமைநாயகத்தின் கட்டைக் குரல் அதில் கேட்டது. பிரமையில் அவர் குரல் ஏன் வரப் போகிறது? அப்புறம் என்னால் பாட முடியவில்லை.

நீ கண்டுபிடித்தது சரிதான். கோப்பை மூடிவிடலாம். ஆனால் நீ கேட்காத ஒன்று இருக்கிறது. ரோஸ்பாய் பாடியபோதெல்லாம் நானும் கூடவே பாடியிருக்கிறேன், வீட்டில் என்றாலும் கோவிலில் என்றாலும். சும்மா இருந்து கேட்டதில்லை. என் சத்தம்தான் என் காதில் பெரிதாக இருந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்த மெட்டை முழுவதும் கேட்காமலே இருந்திருக்கிறேன். அவள் எத்தனை நல்ல மெட்டைப் பாடிக்கொண்டிருந்தாள் என்று போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமிருந்து உங்கள் வாயால் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவளிடம் சொல்ல முடியாது. அதுதான் அழுகை.

நீங்கள் அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. நான் பாடி முடித்தால் என்னோடு போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன். இப்போது உன் மகளுக்கும் தெரியும், அதுவும் இந்தி எழுத்தில்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கரோல் பாக் வருகிறேன். உங்கள் வீட்டில் எல்லாரும் இருங்கள். அந்தப் பாட்டை ஒரு தடவை, நாகர்கோவில் மெட்டில், முதலிலிருந்து கடைசி வரை பாடுங்கள். நான் எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். என்னைப் பாடச் சொல்ல வேண்டாம்.

அன்புள்ள அண்ணன்,
ஞானாபரணம்